பிள்ளைக்கு ஒரு பிரம்பு வில் செய்வது எப்படி?

நவராத்திரி நெருங்கினால் தமிழ்ப்பள்ளிகளில் மாறுவேடப் போட்டி வந்துவிடும். இராமனும் அர்ச்சுனனும் வரிசையாக மேடை ஏறுவார்கள். பாதிப் பேர் கையில் அட்டை வில், மீதிப் பேர் கையில் பேரங்காடியில் வாங்கிய பிளாஸ்டிக் வில். அட்டை வில் மேடையிலேயே மடங்கும். பிளாஸ்டிக் வில் வீட்டுக்கு வந்து நாலு இழுப்பில் தளர்ந்துபோகும். உண்மையாகவே வளைந்து நிமிரும் ஒரு சின்ன வில்லை வீட்டிலேயே செய்துவிடலாம். தச்சு வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாரக் கடைசியில் இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கான அளவுகளை இங்கே தருகிறேன்.

மரத்துக்கு முன்னால் பிள்ளையை அளந்துகொள்ளுங்கள்

புதிதாகச் செய்கிறவர்கள் நேரே கம்பு தேடிப் போய்விடுகிறார்கள். கம்பு அப்புறம். முதலில் பிள்ளையைச் சுவரோடு சுவராக நிறுத்தி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, அதை இரண்டரையால் வகுத்தால் பிள்ளை நாணை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பது கிடைக்கும். 110 சென்டிமீட்டர் வந்தால் இழுப்பு 44 சென்டிமீட்டர். வில்லின் நீளம் பிள்ளையின் உயரமே. அந்த நீளத்தில் இந்த இழுப்புக்கு வில் அதிகம் திணறாது, சுலபத்தில் முறியாது.

அடுத்தது பலம். பயணப் பெட்டியின் எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் ஒன்று வாங்கிவிடுங்கள், கடைசி வரைக்கும் அது வேண்டும். கொக்கியில் ஒரு துணி வாரை மாட்டி, தராசை நீங்கள் பிடித்துக்கொண்டு, வில் இழுப்பதுபோல் பிள்ளையை இழுக்கச் சொல்லுங்கள். எண்ணைப் பார்க்காதீர்கள், பிள்ளையின் தோளைப் பாருங்கள். தோள் காதுப் பக்கம் ஏறுகிறதா, இடுப்பு பின்னால் சாய்கிறதா, கை நடுங்குகிறதா? அப்படியானால் அது அதிகம். ஐந்து எண்ணும்வரை நடுங்காமல் பிடிக்கிற எடைதான் அந்தப் பிள்ளையின் எடை. பெரும்பாலும் 3 முதல் 4 கிலோவுக்குள் நிற்கும். வில் விற்கும் கடைகளில் இதை ராத்தலில் சொல்வார்கள். 8 ராத்தல் என்றால் சுமார் 3.6 கிலோ.

இந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஏனென்றால் வில் வேலையில் அப்பாக்களுக்கு ஒரு வியாதி உண்டு. "இன்னும் கொஞ்சம் பலமா இருந்தா தூரமா போகுமே" என்று தோன்ற ஆரம்பிக்கும். அம்பு தூரமாகப் போவது உங்களுக்குச் சந்தோஷம். பிள்ளைக்கோ இழுக்க முடியாத வில் இரண்டாம் நாளே கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

ஏன் பிரம்பு?

நம் மலேசியத் தமிழ் வீடுகளில் ரோத்தான் என்றதும் பிள்ளைகள் ஓடி ஒளிவதுதான் வழக்கம். அலமாரி மேலேயோ கதவுக்குப் பின்னாலோ மாட்டியிருந்த அந்த ஒல்லிப் பிரம்பின் தடித்த அண்ணன்தான் நமக்கு வேண்டியது. நாற்காலிச் சட்டத்துக்குப் பயன்படும் பருமனான பிரம்பு அது, ரோத்தான் மானாவ் என்பார்கள்.

பிரம்பு உண்மையில் மரமே இல்லை, பனைக் குடும்பத்துக் கொடி. அதனால் ஆண்டு வளையம் கிடையாது. மர வில் செய்கிறவர்கள் வில்லின் வெளிப்பக்கம் முழுக்க ஒரே வளையத்தைப் பின்தொடர்ந்து சீவ வேண்டும். அது தவறினால் முறியும். பிரம்பில் அந்தத் தலைவலி இல்லை. நார்கள் நுனியிலிருந்து அடி வரை நேராக ஓடுகின்றன, வெளித்தோல் கண்ணாடிபோல் கெட்டியாக இருக்கிறது. அப்படியே மீறிப்போய் முறிந்தாலும் சட்டென்று இரண்டாகப் பறக்காமல், நார் நாராகப் பிரிந்து தொங்கும். சின்னப் பிள்ளை கையில் கொடுக்கிற சாமானுக்கு இதைவிட நல்ல குணம் வேண்டுமா?

மெராந்திப் பலகையை வெட்டிச் செய்யலாமே என்று கேட்பார்கள். மலிவு, எல்லா ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும், சரிதான். ஆனால் அதன் ரேகை அங்கங்கே குறுக்கே திரும்பியிருக்கும், வளைத்தால் அந்த இடத்தில் முறியும். மூங்கில் நல்ல வில்லாகும், ஆனால் சிராய் எழும்பும். முதல் வில்லுக்கு வேண்டாம்.

கம்பு வாங்குவது

ஜோர்ஜ் டவுனின் பழைய தெருக்களில் பிரம்புக் கூடையும் நாற்காலியும் பின்னும் கடைகள் இன்னும் ஒன்றிரண்டு உண்டு. கடை முன்னாலுள்ள நடைபாதையான அஞ்சடியிலேயே சாமான்களை அடுக்கி வைத்திருப்பார்கள், தேடுவது சிரமமில்லை. கோலாலம்பூரில் இருப்பவர்கள் பிரம்பு நாற்காலி பழுதுபார்க்கும் பட்டறைகளில் கேட்கலாம். "அங்கிள், ரோத்தான் மானாவ் அடா?" என்றால் போதும். எதற்கு என்று கேட்டால் கையால் வில் இழுத்துக் காட்டுங்கள். சிரித்துக்கொண்டே நல்ல கம்பாக எடுத்துத் தருவார்கள்.

சும்மா கட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பார்க்க வேண்டியவை சில உண்டு.

பருமன் 18 முதல் 20 மில்லிமீட்டர். நம் பத்து சென் காசு கிட்டத்தட்ட இந்த அகலம்தான். அடிமுனையை அதன் மேல் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கணுக்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கட்டும். கணு குறைந்தால் வேலையும் குறையும். கம்பை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து நோக்குங்கள். லேசாக ஒரே பக்கம் வளைந்திருந்தால் பரவாயில்லை. பாம்புபோல் இரண்டு பக்கமும் நெளிந்திருந்தால் வைத்துவிடுங்கள்.

அப்புறம் கம்பைத் தரையில் செங்குத்தாக இரண்டு தட்டு தட்டுங்கள். மாவுபோல் வெள்ளைத் தூள் கொட்டினாலோ, தோலில் குண்டூசி முனை அளவு ஓட்டை தெரிந்தாலோ உள்ளே வண்டு இருக்கிறது. பூபோக் பிடித்தது என்று கடைக்காரரே சொல்வார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் வில் மட்டுமல்ல, உங்கள் நாற்காலியும் போகும்.

புதுக் கம்பில் எண்ணெய் வாடை அடித்தால் பயப்பட வேண்டாம். பருத்த பிரம்பை வெட்டியதும் சூடான எண்ணெயில் வேகவைத்துத்தான் பதப்படுத்துவார்கள், பெரும்பாலும் டீசல் கலந்த எண்ணெயில். வாடை போகும்வரை நிழலில், காற்றோட்டமாகப் படுக்கவையுங்கள். வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் வெடிக்கும்.

கருவிகள் அதிகமில்லை. சின்னப் பல் ரம்பம், கரடுமுரடான அரை வட்ட அரம், பென்சில் பருமனுக்கு ஒரு உருண்டை அரம், கூர்மையான கத்தி, 80 மற்றும் 180 எண் உப்புத்தாள், மேசையோடு கம்பை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப், தராசு. அவ்வளவுதான்.

கோடு போடுதல்

கம்பைப் பிள்ளையின் உயரத்துக்கு வெட்டுங்கள். இனிமேல் 110 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு பேசுவோம். இயற்கையாக எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அந்தப் பக்கமே வளையவிடுங்கள். குழிந்த பக்கம் பிள்ளையைப் பார்க்கும், அதை வயிறு என்போம். புடைத்த பக்கம் இலக்கைப் பார்க்கும், அது முதுகு.

முதுகில் கத்தியும் படக்கூடாது, அரமும் படக்கூடாது. வில்லை வளைக்கும்போது முதுகுதான் இழுபடுகிறது. அந்தக் கண்ணாடித் தோல்தான் அதைத் தாங்குகிறது. கணுவில் ஓலை உதிர்ந்த தழும்பு உறுத்தினால் 180 உப்புத்தாளால் லேசாகத் தடவிவிடலாம், அதற்கு மேல் வேண்டாம். முதுகு முழுக்க ஒரு பென்சில் கோடு இழுத்து வைத்துக்கொண்டால் வேலை மும்முரத்தில் பக்கம் மாறிப்போகாது.

சரி நடுவில் ஒரு கோடு. அதற்கு மேலே 3 சென்டிமீட்டர், கீழே 7 சென்டிமீட்டர் கைப்பிடி. இந்தப் பத்து சென்டிமீட்டரும் முழு உருண்டையாகவே இருக்கட்டும். கைப்பிடியின் இரு முனைகளிலிருந்தும் 5 சென்டிமீட்டர் தூரத்துக்குள் பருமன் மெல்ல இறங்க வேண்டும், படிக்கட்டுபோல் வெட்டு விழக்கூடாது. அங்கிருந்து நுனிவரை கம்பின் பக்கவாட்டில் கோடு போடுங்கள்: முதுகிலிருந்து வயிறு வரையான தடிமன் கைப்பிடிக்கு அருகில் 14 மில்லிமீட்டர், நுனியில் 10. கோட்டுக்கு அப்பால் வயிற்றுப் பக்கம் இருப்பதெல்லாம் போக வேண்டியது. அரைவாசி கத்தியால் சீவி, மீதியை அரத்தால் தேயுங்கள். பிரம்பின் உள்பகுதி பஞ்சுபோல் சட்டென்று தேயும், அதனால் கோட்டுக்கு முன்னாலேயே கையை நிறுத்திக்கொள்ளுங்கள்.

நுனியிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு பக்கவாட்டிலும் உருண்டை அரத்தால் நாண் மாட்டும் வெட்டு. வெட்டு வயிற்றுப் பக்கமாக, கைப்பிடியை நோக்கிச் சரிந்து வரட்டும். 3 மில்லிமீட்டர் ஆழம் போதும். முதுகின் குறுக்கே வெட்டாதீர்கள்.

வளைவைச் சமப்படுத்துதல்

முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் அரை நாளில் முடியும். இதற்கு மட்டும் ஒரு நாள் கொடுங்கள்.

முதலில் வில்லைவிட நீளமான ஒரு கயிற்றை இரு நுனியிலும் தொளதொளவென்று மாட்டுங்கள். கைப்பிடியை ஒருவர் பிடிக்க, மற்றவர் கயிற்றை மெதுவாக இழுத்து நுனிகளை ஐந்து சென்டிமீட்டர் மட்டும் வளைக்கட்டும். இதை வீட்டின் ஓட்டுத்தரைமேல் படுக்கவைத்துச் செய்தால் ஒரு வசதி உண்டு. ஓடுகளுக்கு இடையே ஓடும் கோடுகளே கட்டம் போட்ட தாளாகிவிடும். கைப்பிடியை ஒரு கோட்டின்மேல் வைத்து இழுத்தால் இடது நுனி எத்தனை தூரம் வந்தது, வலது நுனி எத்தனை தூரம் வந்தது என்று பளிச்சென்று தெரியும். மேலே நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் ஏமாறும் கண், படத்தில் ஏமாறாது.

படத்தில் என்ன பார்ப்பது? வில்லின் ஒவ்வொரு கையும், அதாவது கைப்பிடியிலிருந்து நுனிவரையான பகுதி, ஒரே சீராக வளைய வேண்டும். ஓரிடம் குச்சிபோல் நேராக நின்றால் அங்கே தடிமன் அதிகம். ஓரிடம் முழங்கைபோல் மடிந்தால் அங்கே மெலிந்துவிட்டது. மடிந்த இடத்தை உப்புத்தாளால்கூடத் தொடாதீர்கள். அதன் இரு பக்கமும் இருக்கும் நேரான இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, அங்கே மட்டும் வயிற்றுப் பக்கம் பத்து தேய்ப்பு தேயுங்கள். பிறகு இருபது முப்பது முறை லேசாக வளைத்து விடுங்கள். தேய்த்த உடனே பிரம்பு தன் புது வளைவைக் காட்டாது, கொஞ்சம் வளைந்து பழக வேண்டும். இப்போது மறுபடி படம். மறுபடி குறி. மறுபடி பத்து தேய்ப்பு.

கணு இருக்கும் இடம் எப்போதும் கொஞ்சம் விறைப்பாகவே தெரியும். அதை மற்ற இடம்போல் வளைய வைக்கிறேன் என்று தேய்த்துக்கொண்டே போனால் கணுவின் இரு பக்கமும் பலவீனமாகும். கணுவுக்குக் கொஞ்சம் விறைப்பை விட்டுக்கொடுங்கள்.

இரு நுனிகளும் ஒரே அளவு வந்ததும் கயிற்றைக் குறுக்கி, நாணுக்கும் கைப்பிடிக்கும் இடையே 6 சென்டிமீட்டர் இருக்குமாறு மாட்டுங்கள். பிறகு தராசை நாணின் நடுவில் கொக்கிபோட்டு இழுத்துப் பாருங்கள். விதி ஒன்றுதான்: சுவரில் எழுதிய எடையைத் தாண்டி ஒருபோதும் இழுக்கக்கூடாது. 20 சென்டிமீட்டரிலேயே 4 கிலோ வந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி, வில்லின் இரு கைகளையும் நீளமாக, சமமாகத் தேயுங்கள். அடுத்த முறை 25 சென்டிமீட்டரில் 4 கிலோ வரும், பிறகு 30. இப்படியே நகர்ந்து பிள்ளையின் முழு இழுப்பு தூரத்தில், நம் கணக்கில் 44 சென்டிமீட்டரில், சுவரிலிருக்கும் எண் வரும்போது வில் முடிந்தது. அளக்கும்போது தூரத்தைக் கைப்பிடியின் முதுகிலிருந்து நாண் வரை எடுங்கள். வழியில் எங்காவது வளைவு கோணினால் எடையை மறந்துவிட்டு முதலில் வளைவைச் சரிசெய்யுங்கள்.

தேய்த்ததில் எடை எதிர்பார்த்ததைவிடக் குறைந்து 2.5 கிலோவில் நின்றால் தூக்கிப்போட வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது நல்ல வில். இல்லையென்றால் இரு நுனியிலும் 2 சென்டிமீட்டர் வெட்டிவிட்டு வெட்டுகளைப் புதிதாகப் போட்டால் எடை கொஞ்சம் ஏறும்.

நாண்

தங்கூசி வேண்டாம். பினாங்கில் எந்தத் தூண்டில் கடையிலும் கிடைக்கிறது என்பதற்காகவே பலர் அதை மாட்டுகிறார்கள். அது இழுபட்டு நீள்கிறது, பிள்ளையின் விரலையும் அறுக்கிறது. 2 மில்லிமீட்டர் பாலியஸ்டர் பின்னல் கயிறு நல்லது. நைலான் கயிறு ஈரத்திலும் இழுப்பிலும் நீளும், வேறு கிடைக்காவிட்டால் அடிக்கடி இறுக்கிக்கொள்ளத் தயாராக இருங்கள்.

மேல் நுனிக்கு நிலையான ஒரு கண்ணி போடுங்கள். கீழ் நுனியில் கயிற்றை வெட்டில் ஒரு சுற்று சுற்றி, அதன் வாலைத் தன் மேலேயே மூன்று முறை முறுக்கி இறுக்குங்கள், விறகுக்கட்டைத் தூக்கப் போடும் முடிச்சு அது. நாணின் நீளத்தை அங்கேதான் கூட்டிக் குறைக்க முடியும். வில்லில் மாட்டினால் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே 11 அல்லது 12 சென்டிமீட்டர் இருக்கட்டும். நாண் வில்லின் நடுவே ஓடாமல் ஒரு பக்கம் ஒதுங்கினால், ஒதுங்கிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து வெட்டைக் கொஞ்சம் ஆழப்படுத்துங்கள்.

மெருகு

180 உப்புத்தாளால் வயிற்றுப் பக்கத்தைத் தடவி, ஓரங்களையெல்லாம் மழுக்குங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம், பூசாமல் விட்ட பிரம்பு ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், அது காயாது, தூசி ஒட்டும். ஆளி விதை எண்ணெயோ சாதாரண மர வார்னிஷோ மெல்லிய இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூப் அல்லது பருத்தி நாடாவைச் சுற்றி, மேல் விளிம்பைச் சற்றுத் தடிப்பாக விட்டால் அம்பு அதன்மேல் உட்காரும்.

அம்பும் இடமும்

அம்புக்கு 8 மில்லிமீட்டர் உருண்டைக் குச்சி. நீளம், பிள்ளையின் இழுப்பைவிட 6 அல்லது 7 சென்டிமீட்டர் அதிகம், அதாவது இங்கே 50. பின்முனையில் ரம்பத்தால் 5 மில்லிமீட்டர் வெட்டு, பின்பக்கம் ஒட்டுநாடாவால் மூன்று இறகு. முன்முனையில் நாற்காலிக் காலுக்குப் போடும் ரப்பர் தொப்பியைப் பசைபோட்டு இறுக்குங்கள். ஆணி வேண்டாம், கூரும் வேண்டாம். சாத்தே குச்சியை அம்பாக்கும் யோசனை எந்தப் பிள்ளைக்கும் வரும், அதை முதலிலேயே தடுத்துவிடுங்கள். மெல்லிய குச்சி நாணின் வேகத்தில் கைக்கு அருகிலேயே உடைந்து குத்தும்.

ரப்பர் முனை என்றாலும் கண்ணுக்கு அது ஆயுதம்தான். அடுக்குமாடி பால்கனியும் நடைக்கூடமும் இதற்கான இடமில்லை. வீட்டு முற்றமோ ஆளில்லாத திடலோ வேண்டும், திடல் என்றால் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பழைய துணி திணித்த அட்டைப்பெட்டி இலக்கு. அதற்குப் பின்னால் ஒரு பழைய போர்வையைக் கயிற்றில் தொளதொளவென்று தொங்கவிடுங்கள், தவறிய அம்பு அதில் பட்டு அப்படியே விழும். ஐந்து மீட்டர் தூரத்தில் தொடங்கலாம். பெரியவர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் நிற்க வேண்டும், எய்கிறவருக்கு முன்னால் ஒருவரும் நிற்கக்கூடாது, வானத்தைப் பார்த்து எய்யக்கூடாது. அம்பு எடுக்கப் போகும்போது எல்லா வில்லும் தரையில் இருக்க வேண்டும்.

அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய வேகம் முழுக்க வில்லுக்குள்ளேயே திரும்பி அடித்து, முறியக் காரணமாகும். வில்லைக் கையில் வாங்கியதும் எல்லாப் பிள்ளையும் முதலில் செய்வது இதைத்தான். அதனால் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், மாமாவும் சித்தப்பாவும் வாங்கிப் பார்க்கும்போது அவர்களுக்கும் சொல்லுங்கள். மாறுவேடப் போட்டிக்குக் கொண்டுபோவதானால் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, அம்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

விளையாடி முடித்ததும் நாணைக் கழற்றி, வில்லை இரண்டு ஆணிகளில் கிடையாகத் தொங்கவிடலாம், அல்லது தட்டையான அலமாரித் தட்டில் வைக்கலாம். காரின் பின்பக்கம் போட்டு வைத்தால் வெயில் சூட்டில் வளைவு நிலைத்துவிடும். மாதம் ஒருமுறை முதுகுத் தோலை விரலால் தடவிப் பாருங்கள். நார் எழும்பியிருந்தால் அந்த வில்லை இனி இழுக்க விடாமல் மாறுவேடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பிரம்பு பெரும்பாலும் 3 மீட்டர் நீளத்தில்தான் விற்பார்கள், ஒரு கம்பில் இரண்டு வில் தாராளமாக வரும். மீதியைப் பூபோக் அண்டாமல் அதே வார்னிஷ் பூசிப் படுக்கவைத்துவிடுங்கள். தம்பி தங்கை இருக்கும் வீடானால் அது அதிக நாள் சும்மா கிடக்காது.